கேழ்வரகுப் பரணில் மூன்று பழைய பைனாகுலர்கள்

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காட்டோரத்தில் கேழ்வரகு பயிரிட்டிருக்கும் நண்பரின் காவல் பரணில் கடந்த கார்த்திகையில் சில மாலைகள் அமர்ந்து, என்னிடமுள்ள மூன்று பழைய பைனாகுலர்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் ஜெனா ஆலையில் செய்த ஜெனோப்டெம் 8×30, அதே ஆலையின் 10×50, சோவியத் நாட்டு 7×50 ஆகியவையே அவை. பெயரிலுள்ள முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முகப்பு வில்லையின் மி.மீ. விட்டம். மூன்றும் போரோ பட்டகம் (ஒளியை மடக்கித் திருப்பும் கண்ணாடிப் பாளம்) பொருத்தியவை.

அந்தி மங்கியதும் வேறுபாடு கண்முன் நின்றது. முகப்பு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×30-இல் அது 3.75 மி.மீ., 7×50-இல் 7 மி.மீ.க்குச் சற்று மேல். ஆகவேதான் ஜெனோப்டெமில் வெறும் கரும்புதராகத் தெரிந்தது, சோவியத் கருவியில் காதசைக்கும் யானையாகவும், அதன் தந்தத்தின் வெளுப்பாகவும் பிரிந்து தெரிந்தது. அந்தச் சோவியத் கருவியின் காட்சியில் படியும் மஞ்சள் சாயல் பறவை பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது. ஏறத்தாழ ஒரு கிலோ எடையும் கழுத்தை இழுக்கும். 10×50-ஐப் பரணின் மூங்கிலில் சாய்த்துப் பிடித்தால்தான் பயன் உண்டு, வெறும் கையில் அது நம் மூச்சையும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

பகலில் கதை வேறு. ஜெனோப்டெம் 1,000 மீட்டர் தொலைவில் 150 மீட்டர் அகலத்தைக் காட்டுவதால், கிருஷ்ணகிரி அணையில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூட்டமாக எழும்போதும், காவிரிக்கரை நீர்மருதுகளில் சாம்பல் நிற மலை அணில் கிளைவிட்டுக் கிளை தாவும்போதும் காட்சி கைநழுவுவதில்லை. கண்ணாடி அணிபவர்கள் மட்டும் அதைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லையேல் காட்சியின் ஓரங்கள் அடைபட்டுவிடும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு இதையே சொல்வேன்.

பழைய கருவியை வாங்குமுன், முகப்பு வில்லையின் பக்கமிருந்து டார்ச் வெளிச்சத்தைச் செலுத்தி, உள்ளே சிலந்திவலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஞ்சையை அகற்றுவதற்காக நான் ஒருவரிடம் கொடுத்த ஜெனோப்டெம் பளபளப்பாகத் திரும்பி வந்தது. ஆனால் பட்டகம் இடம் பிசகியிருந்ததால் தொலைவிலிருந்த செல்போன் கோபுரம் இரண்டாகத் தெரிந்தது, பத்தே நிமிடத்தில் தலைவலியும் வந்தது. இன்னொருவரிடம் சீர்செய்ய ஆன செலவு, அதை வாங்கிய விலையில் பாதி.

பரணைவிட்டு இறங்குமுன், காட்டோரம் நிற்பது பாறையா யானையா என்று பார்த்துக்கொள்வதற்காக நண்பர் 7×50-ஐக் கேட்டார். அது இப்போது அவருடைய பரணில் ஆணியில் தொங்குகிறது.