ஆன்லைன் கடைக்கு இன்சூரன்ஸ்: பல வருடம் புதுப்பித்த பிறகு எது கைகொடுக்கிறது, எது கைவிடுகிறது

பர்கூரில் இருந்து ஜவுளி, பென்னாகரம் பக்கத்தில் இருந்து புளியும் சாமையும், கிருஷ்ணகிரியில் இருந்து மாம்பழக் கூழ் என்று இணையத்தில் விற்பவர்களிடம் ஏஜென்ட் முதலில் நீட்டுவது கடைக்காரர்களுக்கான பேக்கேஜ் பாலிசி. கண்ணாடி, பெயர்ப்பலகை, கல்லாப் பணம் எல்லாம் அதில் இருக்கும். ஆன்லைன் வியாபாரிக்கு அதில் பாதிக்கு வேலையே இல்லை. அவருடைய சரக்கு கொஞ்சம் குடோனில், கொஞ்சம் லாரியில், கொஞ்சம் விற்பனைத் தளத்தின் கிடங்கில், மீதி ரிட்டர்ன் வழியில் இருக்கும். சரக்கு நிற்கும் ஒவ்வொரு இடமும் ஏதாவது ஒரு பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பிரீமியம் ஒப்பீடெல்லாம் அதற்குப் பிறகு.

அடித்தளம், பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. ஓரிடத்தில் உள்ள சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருக்கும் தொழில்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பொது வாசகப் பாலிசி இது. நிறுவனம் மாறினாலும் அடிப்படை வாசகம் மாறாது. பிரீமியமும் கிளெய்ம் பார்க்கும் ஆளும்தான் மாறும். தீ, வெடிப்பு, புயல், வெள்ளம் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. வறண்ட மாவட்டத்தில் வெள்ளத்துக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டி, நிறுத்தியிருந்த வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டதே அதற்குப் பதில். 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்தபோது பக்கத்துக் கட்டடங்களும் இடிந்தன. நம் குடோனில் நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பக்கத்தில் என்ன தொழில் நடக்கிறது என்பது நம் கையில் இல்லை.

இந்தப் பாலிசியில் திருட்டு பெயரளவுக்குத்தான். தீ, வெள்ளம் போன்ற சம்பவம் நடந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் திருட்டு போனால் மட்டும் பணம் வரும். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனி பர்க்ளரி பாலிசி வேண்டும். சாதாரணமாக உடைத்து நுழைந்த தடயம் இருந்தால்தான் அது செல்லும். வேலை ஆள் எடுத்துப் போனதை அதுவும் ஏற்காது, அதற்கு ஃபிடெலிட்டி கவர் (வேலை ஆட்களின் மோசடிக்கான காப்பீடு). ஜவுளி குடோனை ஒரே இரவில் யாரும் காலி செய்ய முடியாது என்பதால், மொத்த மதிப்பில் 25 சதவீதத்துக்கு ‘ஃபர்ஸ்ட் லாஸ்’ முறையில் (ஒரே திருட்டில் போகக்கூடிய பங்குக்கு மட்டும்) எடுத்தால் பிரீமியம் நன்றாகக் குறையும். போலீஸ் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் பெற்றதற்கான வெறும் ஒப்புகை) அனுப்பிவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கும்.

காப்பீட்டுத் தொகையில்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள். குடோனில் 20 லட்சத்துக்குச் சரக்கு இருக்க, 12 லட்சத்துக்குப் பாலிசி இருந்தால், 5 லட்சம் நஷ்டத்துக்கு 3 லட்சம்தான் வரும். எஞ்சிய 40 சதவீதத்தை நீங்களே ஏற்றதாகக் கணக்கு. சூக்ஷ்ம பாலிசியில் குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டு இல்லை. ஆக 20 லட்சம் சரக்குக்குக் குறைந்தது 17 லட்சம். ஆனால் அந்த 20 லட்சம் எந்த மாதத்து 20 லட்சம்? ஆடிக் கழிவு முடிந்ததும் தீபாவளிச் சரக்கு இறங்கத் தொடங்கும்போது இருப்பு இரண்டு மடங்காகலாம். ஏப்ரலில் போட்ட தொகை அக்டோபருக்குப் போதாது. ஆகஸ்ட் கடைசியிலேயே கடிதம் கொடுத்து, கூடுதல் பிரீமியம் கட்டி, எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்த திருத்தத்துக்கான இணைப்புத் தாள்) வாங்கிக்கொள்ளுங்கள். மீதி நாட்களுக்கு மட்டும்தான் பணம் கேட்பார்கள்.

மதிப்பைக் கொள்முதல் விலை, வண்டி வாடகையோடு போடுங்கள். தளத்தில் போட்டிருக்கும் விற்பனை விலை செல்லாது. ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துவிடுங்கள். 2017 சி.ஜி.எஸ்.டி. சட்டப் பிரிவு 17(5)(எச்) படி, அழிந்த, தொலைந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டி, வரவு வைத்துக்கொண்ட ஜி.எஸ்.டி.) திருப்பிக் கட்ட வேண்டும். வரி இல்லாமல் மதிப்பு போட்டிருந்தால், எரிந்த சேலைக்கு வரியும் கைக்காசில் போகும். இதைச் சொல்லும் ஏஜென்ட் அபூர்வம்.

நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்ததும் கேட்பது ஆரம்ப இருப்பு, அதோடு கொள்முதல், அதில் விற்பனையைக் கழித்து வரும் மீதி. சாதாரணக் கடைக்கு இது நேராக வந்துவிடும். ஆன்லைன் கடைக்கு இடறும் இடம் ரிட்டர்ன் மூலை. கிழிந்த கொரியர் கவர்களோடு குவிந்து கிடக்கும் அந்தப் பார்சல்கள் பில்படி விற்றவை, தளத்தின் கணக்கில் திரும்பியவை, நம் சாஃப்ட்வேரில் ஏறாதவை. கிரெடிட் நோட் (விற்பனை பில்லைக் குறைக்கும் சீட்டு) போடாத ரிட்டர்னை இருப்பில் சேர்க்க சர்வேயர் ஒப்பமாட்டார். மாறாக, தளத்தின் கிடங்கில் கிடப்பதையும் குடோன் இருப்பில் எழுதியிருந்தால், அதைக் கழித்துவிட்டு மற்றக் கணக்கையும் சந்தேகிப்பார். வாரம் ஒரு முறை ரிட்டர்னை ஏற்றி முடித்து, இருப்புப் பட்டியலை இடவாரியாகப் பிரித்து உங்களுக்கே ஈமெயில் அனுப்பி வையுங்கள். கம்ப்யூட்டரும் சேர்ந்து எரிந்தால் அதுதான் ஆதாரம். நனைந்த பண்டல்களை சர்வே முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். பார்கோடு தெரியப் படம் எடுத்து, காய்ந்ததிலிருந்து பிரித்து அடுக்குங்கள். கெட்ட சரக்கை விற்றால் வரும் கழிவு விலை எப்படியும் கழிக்கப்படும். சரக்கைக் காட்ட முடிந்தால்தான் அது நியாயமான விலையாக இருக்கும்.

புளி, சிறுதானியம் விற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தானாகப் புளித்தோ சூடேறியோ கெட்ட சரக்குக்குப் பணம் கிடையாது. வண்டு, எலிக்கும் கிடையாது. அந்தச் செலவைக் குடோனைப் பராமரிப்பதில் போடுங்கள்.

போக்குவரத்துக்கு மரைன் பாலிசி. பெயர்தான் கடல், உள்நாட்டு லாரிக்கும் அதுவே. கிளாஸ் ‘பி’ விலை குறைவு. தீ, லாரி மோதல், கவிழ்வு போன்றவற்றுக்கு மட்டும். தொப்பூர் கணவாயில் லாரி சாய்ந்தால் ‘பி’ பணம் தரும். தார்ப்பாய் கிழிந்து பண்டல் நனைந்தாலோ, ஒரு பண்டல் குறைந்தாலோ தராது. நடைமுறையில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான் என்பதால் இவற்றையும் ஏற்கும் ‘ஏ’ கிளாஸே எடுக்க வேண்டும். அதிலும் பேக்கிங் சரியில்லை, தாமதத்தால் அழுகியது என்றால் கிடையாது; மாம்பழம் அனுப்புபவர்கள் இதை நம்பி இருக்க வேண்டாம். ‘வரத்து, அனுப்புதல், ரிட்டர்ன்’ மூன்றும் பாலிசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ரிட்டர்ன் என்ற சொல் இல்லாவிட்டால் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பும் வழி வெறும் வழிதான்.

ஒவ்வொரு அனுப்புதலுக்கும் எக்ஸெஸ் என்று நஷ்டத்தில் ஒரு தொகை கழிப்பார்கள். அது 5,000 ரூபாய் என்றால் 700 ரூபாய் பார்சலுக்கு இந்தப் பாலிசியால் எந்தப் பயனும் இல்லை. சூரத், ஈரோட்டிலிருந்து வரும் லோடுக்கும், பெங்களூரு கிடங்குக்குப் போகும் மொத்தச் சரக்குக்கும் மட்டும் எடுத்துவிட்டு, ஒற்றைப் பார்சல் நஷ்டத்துக்கு மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்குவதே நல்லது. தளம் தரும் நஷ்ட ஈடு இன்சூரன்ஸ் ஆகாது. தளத்தின் விதி மாறினால் அதுவும் மாறும்.

சரக்கு இறங்கும்போது எல்.ஆர். (லாரி ரசீது) நகலில் ‘2 பண்டல் நனைந்துள்ளது’ என்று எழுதிய பிறகே கையெழுத்து. 2007 சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் டிரான்ஸ்போர்ட்டுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், டிரான்ஸ்போர்ட்டிடம் வசூலிக்கும் உரிமையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனியும் கைவிரிக்கலாம். கூடுதல் மதிப்பு அறிவிக்காத சரக்குக்கு டிரான்ஸ்போர்ட்டின் பொறுப்பு வாடகையைப் போல் 10 மடங்குதான். 600 ரூபாய் வாடகைக்கு 6,000 ரூபாய்.

விற்ற பொருளால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் தர வேண்டிய நஷ்ட ஈட்டுக்கான ப்ராடக்ட் லயபிலிட்டி பாலிசி எல்லோருக்கும் தேவையில்லை. ஆனால் யாரோ அரைத்த சாமை மாவில் உங்கள் லேபிளை ஒட்டுகிறீர்கள் என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் நீங்கள் உற்பத்தியாளர். உணவு, குழந்தை உடை, அழகுப் பொருள் விற்பவர்கள் கட்டாயம் எடுங்கள். ‘ரெட்ரோஆக்டிவ் தேதி’ (எந்தத் தேதியிலிருந்து பாதுகாப்பு என்று காட்டுவது) ஒவ்வொரு புதுப்பித்தலிலும் பழைய தேதியாகவே தொடர்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டுப் புதுப்பித்தால் அந்தத் தேதி புதுப்பித்த நாளுக்கு மாறி, பழைய விற்பனை முழுக்கப் பாதுகாப்பை இழக்கலாம்.

வங்கியில் சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் இருந்தால் பாலிசியை வங்கியே போட்டிருக்கும். அதில் பழைய குடோன் முகவரி இருப்பது சர்வ சாதாரணம். வீட்டு மாடியில் ஆரம்பித்து, சிப்காட் பக்கம் குடோன் மாறிய பிறகும் பாலிசி மாடியையே காப்பாற்றிக்கொண்டிருக்கும். சர்வே எண், கதவு எண்ணோடு முகவரி திருத்தம் கேட்டு, எண்டார்ஸ்மென்ட் நகல் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, வரம்பு 50 லட்சம் ரூபாய். குறுந்தொழில்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. குறுந்தொழில் என்று காட்டும் உத்யம் பதிவுச் சான்றை மனுவோடு சேர்த்து அனுப்புங்கள்.