ஹெய்பெலிஅடா குன்றும் ஹல்கி பள்ளியும்: கட்டாயம் போகலாம்

இஸ்தான்புல் போகிற நம் ஆட்கள், நகரை ஒட்டி மர்மரா கடலில் இருக்கும் இளவரசர் தீவுகளுக்கு என்று படகு ஏறினால் நேராகப் பெரிய தீவான ப்யூக்அடாவில்தான் இறங்குகிறார்கள். நான் சொல்வது, அதற்கு முந்தின நிறுத்தமான ஹெய்பெலிஅடா தீவில் இறங்குங்கள். கூட்டம் பாதிகூட இருக்காது, பைன் மரக் காடு இருக்கிறது, அதைவிட முக்கியமாக, குன்றின் உச்சியில் கிறிஸ்தவ குருமார்களுக்கான ஹல்கி இறையியல் பள்ளி இருக்கிறது.

இஸ்தான்புல்லின் எமினோனு படகுத்துறையிலிருந்தோ கபாதாஷ் துறையிலிருந்தோ நகரப் படகு. பஸ், டிராமுக்கு வைத்திருக்கும் இஸ்தான்புல் கார்டே போதும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆனால் மேல்தளத்தில் இடம் பிடித்து ஒரு டீயும் ஒரு சிமித்தும் (எள் தூவிய வளைய ரொட்டி) வாங்கிக்கொண்டால் நேரம் போவதே தெரியாது, கடற்காகங்கள் கூடவே பறந்து வரும். படகுச் சேவைக்கு முழு மதிப்பெண். துறையை ஒட்டிய ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் விலைப்பட்டியலே காட்டாமல் மீனுக்குத் தீட்டிவிட்டார்கள், அதனால் விலை கேட்டுவிட்டு உட்காருங்கள்.

குதிரை வண்டிகளை 2020இல் நிறுத்திவிட்டார்கள், இப்போது மின்சார வண்டிகள் ஓடுகின்றன. முழங்கால் ஒத்துழைத்தால் நடந்தே ஏறுங்கள். மேடு கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும், ஆனால் பாதி வழிக்கு மேல் நிழல்தான், திரும்பிப் பார்த்தால் மர்மரா கடலும் அதற்கு அந்தப் பக்கம் ஆசியக் கரையின் அடுக்குமாடிகளும் தெரியும்.

சரி, பள்ளிக்கு வருவோம். பழைய திருத்துவ மடம் இருந்த இடத்தில் 1844இல் தொடங்கியது. 1894 நிலநடுக்கத்தில் கட்டடம் போய்விட, இப்போது நிற்பது 1896இல் திறந்தது. கிழக்கத்தியக் கிறிஸ்தவப் பிரிவான ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு குருமார்களையும் அறிஞர்களையும் தந்த இடம். அந்தத் திருச்சபையின் இஸ்தான்புல் தலைமைக் குருவான இன்றைய முதுபெரும் தந்தை பர்த்தலமேயு 1961இல் இங்கேதான் படித்து முடித்தார். 1971இல் தனியார் உயர்கல்வி எல்லாம் அரசின் கீழ் வரவேண்டும் என்று துருக்கியில் ஆனபோது இறையியல் வகுப்பு நின்றுபோனது. ஒபாமா 2009இல் துருக்கி நாடாளுமன்றத்திலேயே இதைத் திறக்கச் சொல்லிப் பேசினார், அப்புறமும் பேச்சு மட்டும் ஓயாமல் நடக்கிறது.

உள்ளே போனதும் என்னை நிறுத்தியது வகுப்பறைதான். மர மேசைகள் வரிசை கலையாமல் இருக்கின்றன, கரும்பலகை துடைத்து வைத்திருக்கிறது, தரையில் தூசி இல்லை. பூட்டிய பள்ளி என்றால் ஒட்டடையும் உடைந்த ஜன்னலும்தானே நினைவுக்கு வரும், இங்கே நாளைக்கே மணி அடித்தால் பாடம் நடத்தலாம். பிள்ளைகள் இல்லாத பள்ளியை இத்தனை வருடம் இப்படிப் பராமரிப்பதற்கு எவ்வளவு பிடிவாதமான நம்பிக்கை வேண்டும்! மதம் எதுவானாலும் ஒரு பள்ளி இப்படிக் காத்துக் கிடக்கக் கூடாது, திறந்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து. முற்றத்தில் இருக்கும் சின்னத் தேவாலயத்தையும் விட்டுவிடாதீர்கள், அதன் மரவேலைப்பாட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள்.

பார்வையாளர்களை எல்லா நேரமும் அனுமதிப்பதில்லை, மராமத்து நடந்தால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும், அதனால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். திரும்பும் படகு நேரத்தை இறங்கும்போதே துறையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கால ஞாயிறு மாலையில் அது ப்யூக்அடாவிலேயே நிரம்பித்தான் வரும், முடிந்தால் வார நாளில் போங்கள்.