பழுதுக்கு விலை போடுவது யார்? மென்பொருள் வழக்குகளில் நிபுணர் சாட்சிகள்

2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்கவைத்தது. டெல்டா ஏர்லைன்ஸ் ஐந்து நாளில் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்தது. பிறகு அது வெளியிட்ட கணக்கு இது: கைவிட்டுப்போன வருவாய் 38 கோடி டாலர், கூடுதல் செலவு 17 கோடி. பறக்காத விமானம் எரிபொருள் குடிக்காதல்லவா, அந்த வகையில் மிச்சம் 5 கோடி. ஆக, 50 கோடி.

இழப்பீட்டு அறிக்கை எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இந்தக் கழித்தலைத்தான். நல்ல நிபுணர் அதைத் தானே எழுதிவிடுவார். மற்றவர் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொண்ட பிறகு ஒப்புக்கொள்வார்.

ஆனால் எவ்வளவு சுத்தமாகக் கூட்டிக் கழித்தாலும் ஒரு கேள்விக்கு அதில் விடை இல்லை: ஏன் ஐந்து நாள்? மற்ற விமான நிறுவனங்கள் சீக்கிரம் எழுந்துவிட்டனவே என்று டெல்டாவின் எதிர்த்தரப்பான கிரவுட்ஸ்ட்ரைக் கேட்டது. இதற்குக் கணக்காளர் பதில் சொல்ல முடியாது. கணினியில் எப்போது என்ன நடந்தது என்று பதிவாகும் லாக் கோப்புகளைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். இந்த வழக்குகளில் முதல் போட்டியே பொறியாளரா, கணக்காளரா என்பதுதான்.

இருவரும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சிக்கல், ஒருவர் மற்றவரின் வயலில் இறங்கும்போது வருகிறது. பிரிட்டன் அஞ்சல் நிறுவனம் தன் கிளைகளின் கணக்குக்குப் பயன்படுத்திய ஹொரைசன் மென்பொருள் பற்றிய வழக்கில் 2019 டிசம்பரில் வந்த தீர்ப்பைப் பாருங்கள். அஞ்சல் தரப்பின் தொழில்நுட்ப நிபுணர், பிழைகள் கிளைக் கணக்குகளைப் பாதித்திருக்கக்கூடிய அளவைப் புள்ளியியல் கொண்டு மதிப்பிட்டார். நீதிபதி அந்தக் கணக்கை நம்பத்தகாதது என்று ஒதுக்கினார். குறிப்பிட்ட கிளையில், குறிப்பிட்ட நாளில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சராசரி எண் சாட்சி சொல்லாது.

கணக்காளரின் தவறு வேறு வகை. "ஆறு மாத நஷ்டம் முழுக்க மென்பொருளால் வந்தது என்று வைத்துக்கொண்டால்" என அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். மீதி நூறு பக்கமும் அதன் மேல் நிற்கும். பத்துக் குறைகளில் நான்குதான் விற்றவர் பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவுசெய்தால் எல்லாம் சரிந்துவிடும். குறை வாரியாகப் பிரித்துத் தொகை போட்டவரின் அறிக்கை மட்டும் அன்றும் நிற்கும். போட்ட பணம் வீணானது என்று மட்டும் கேட்கும் வழக்கில் இந்தத் தலைவலி குறைவு, ரசீதுகளே பாதி பேசிவிடும். வராமல் போன லாபத்தைக் கேட்டால், நடக்காத ஓர் உலகத்துக்குக் கணக்கு எழுத வேண்டியிருக்கும்.

அடுத்தது, நிபுணருக்குச் சம்பளம் யார் கையிலிருந்து? தரப்புக்கு ஒருவர், சம்பளமும் அந்தத் தரப்பே என்பதுதான் பழைய வழி. அவருடைய கடமை நீதிமன்றத்துக்கே என்று இங்கிலாந்து விதிகள் சொல்கின்றன. அலட்சியமாக வேலை செய்தால் தன் கட்சிக்காரரே அவர்மீது வழக்குப் போடலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2011-இல் வழி திறந்தது. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டின் டாபர்ட் தீர்ப்புக்குப் பின், முறை சரியில்லாத நிபுணரை நீதிபதி வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

நீதிமன்றமே நிபுணரை நியமிப்பது இரண்டாவது வழி. ஆரக்கிள்–கூகுள் வழக்கு பழுது பற்றியதல்ல, காப்புரிமையும் பதிப்புரிமையும் பற்றியது. இழப்பீட்டுக் கணக்குக்கு மட்டும் அது நல்ல பாடம். ஆரக்கிளின் பொருளியல் நிபுணர் சுமார் 260 கோடி டாலர் என்று முதலில் போட்ட கணக்கை 2011-இல் நீதிபதி வில்லியம் ஆல்சப் ஏற்கவில்லை. தன் பங்குக்கு ஜேம்ஸ் கேர்ல் என்ற பொருளியலாளரையும் நியமித்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரு தயக்கம் உண்டு: நீதிமன்ற முத்திரை விழுந்த எண்ணுக்கு ஒரு தனி ஒளி வந்துவிடுகிறது. அதிலும் அனுமானங்கள் உண்டு என்பதை ஜூரி மறந்துவிடலாம்.

இரு தரப்புக்கும் பொதுவாக ஒரே நிபுணர் என்பது சின்ன வழக்குக்குச் சரி. பெரிய வழக்கில் ஆளுக்கொரு ஆலோசகரைப் பின்னால் வைத்துக்கொள்வார்கள், கடைசியில் மூன்று பேருக்குச் சம்பளம்.

என் ஓட்டு ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, 2013-இல் இங்கிலாந்து விதிகளிலும் இடம்பிடித்த 'ஹாட் டப்' முறைக்கு. எதிரெதிர் நிபுணர்கள் ஒன்றாக அமர்ந்து, ஒரே கேள்விக்கு அடுத்தடுத்துப் பதில் சொல்ல வேண்டும். வக்கீலைச் சமாளிக்கும் மழுப்பல் சக தொழில்காரரிடம் செல்லாது. குரல் உயர்ந்தவர் பக்கம் காற்று வீசும் ஆபத்தும் இருக்கிறது, நீதிபதி கடிவாளத்தை விடக்கூடாது. ஆனால் வழக்கமாகப் பொறியாளரைப் பொறியாளரோடும், கணக்காளரைக் கணக்காளரோடும்தான் உட்காரவைக்கிறார்கள். நால்வரையும் ஒரே மேசையில் போட்டால்தான் அந்த மூன்றாம் பக்க அனுமானம் வெளியே வரும்.

அப்போதும் நிபுணர் கைக்கு எட்டாத பகுதி ஒன்று இருக்கும். இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகர மன்றத்துக்கு ஐசிஎல் என்ற கணினி நிறுவனம் கொடுத்த மென்பொருள், மக்கள்தொகையை 2,966 பேர் கூட்டிக் காட்டியது. அதனால் தலைக்கு இவ்வளவு என்று போடும் வரி குறைவாக நிர்ணயமானது. முதலில் கிடைத்த தீர்ப்பு 13 லட்சம் பவுண்டு. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சுமார் 6,85,000 பவுண்டாகக் குறைத்தது. பிழை இல்லை என்றோ, கூட்டல் தப்பு என்றோ அல்ல. விடுபட்ட வரியை நகர மன்றம் மறு ஆண்டு மக்களிடமே வசூலித்துவிட்டது, அந்தப் பகுதி மன்றத்தின் நஷ்டமே அல்ல என்று நீதிபதிகள் கருதினார்கள்.