குதிரை மேய்ச்சல் அடைப்புக்கு மின்வேலி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

குதிரைகள் மேயும் அடைப்பைச் சுற்றி மின்வேலி போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. பேட்டரி, சோலார், வீட்டு மின் இணைப்பு மூன்றில் எது நல்லது என்று அடிக்கடி கேட்கிறார்கள். லாயத்தில் பிளக் பாயின்ட் இருந்தால், வேலிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியில் மின் இணைப்பில் ஓடுவதையே எடுங்கள். சார்ஜ் இறங்கிவிட்டதா என்ற கவலை இல்லை, புல் கொஞ்சம் உரசினாலும் தாக்குப்பிடிக்கும். ஒரு சின்ன பல்பு எரிகிற அளவுக்குத்தான் கரண்ட் எடுக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். 230 வோல்ட்டை நேராக வேலிக் கம்பியில் கொடுத்தால் ஆளும் சாவார், குதிரையும் சாகும். நடுவில் எனர்ஜைசர் என்ற பெட்டி கட்டாயம் வேண்டும். அது சுமார் நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், ஒரு துடிப்பு நீடிப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அடுத்த துடிப்பு வருவதற்குள் விலகிக்கொள்ளலாம்.

பெட்டி வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. அது ஒற்றைக் கம்பி, புல்லே படாத வேலி என்ற கற்பனைக்கு எழுதியது. எத்தனை ஜூல் (துடிப்பின் ஆற்றல் அளவு) என்று பாருங்கள், அதிலும் சேமிக்கும் ஜூல் வேறு, வெளியே வரும் ஜூல் வேறு. பெரிதாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் முதலாவது, வேலிக்கு வேலை செய்வது இரண்டாவது.

ஆனால் பெட்டியைப் பற்றி இவ்வளவு அலசுகிற நாம் எர்த்தைப் பற்றிப் பேசுவதில்லை. இத்தனை நாள் பார்த்ததில் வேலி ‘வீக்’ ஆகிவிட்டது என்ற புகாரில் பாதிக்கு மேல் அங்கேதான் முடிந்தது. துடிப்பு கம்பியில் வந்து, குதிரையின் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, மண்ணிலிருந்து எர்த் ராடு வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் ஷாக். மண் காய்ந்து, ராடும் போதவில்லை என்றால் எவ்வளவு பெரிய பெட்டி வைத்தும் பயனில்லை. குறைந்தது மூன்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடுகள், சுமார் 3 மீட்டர் இடைவெளியில், ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து ஆழமாக அடியுங்கள். கட்டட வயரிங்கின் எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

எர்த் சரியா என்று பார்க்க வழி இருக்கிறது. பெட்டியை நிறுத்திவிட்டு, அதிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் சில இரும்புக் கம்பிகளை வேலியில் சாய்த்து மண்ணில் ஊன்றுங்கள். மறுபடி போட்டால் வேலியில் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் கம்பிகளைச் சாய்க்கலாம். அப்புறம் வேலி மீட்டரின் ஒரு முனையை எர்த் ராடிலும், மறுமுனையை ஒரு மீட்டர் தள்ளி மண்ணிலும் வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னொரு ராடு அடிக்க வேண்டியதுதான். கோடையில் ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது. மழைக்காலத்தில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகவே தெரியும்.

வேலிக்கு, உலோக இழை ஓடும் பிளாஸ்டிக் டேப்பா, கயிறா? குதிரைக்குத் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்பதால் மேல் வரிசைக்கு 40 மி.மீ. அகல டேப். கீழே கயிறு. டேப்பின் எதிரி காற்று. படபடத்துப் படபடத்து, இன்சுலேட்டர் பிடிக்கிற இடத்தில் உள்ளே ஓடும் மெல்லிய உலோக இழைகள் அறுந்துவிடும். வெளியே பிளாஸ்டிக் புதுசு போலவே இருக்கும். இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு முறுக்கு கொடுத்தால் படபடப்பு குறையும். டேப்பை முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள், அந்த இடத்தில் பொறி பறந்து கருகும். உலோகக் கொக்கி போடுங்கள். கயிறு விஷயத்தில் எனக்குச் சொல்லும்படியான புகார் இல்லை. முள்கம்பியில் மட்டும் கரண்ட் கொடுக்கவே கூடாது, சிக்கிக்கொண்ட உயிர் விலக முடியாது.

பெட்டியிலிருந்து வேலி வரைக்கும், வாசலுக்கு அடியிலும் போகிற வயர் வீட்டு வயராக இருக்கக் கூடாது. அதன் உறை இந்த வோல்ட்டுக்குத் தாங்காது, மண்ணுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். வேலிக்கென்றே வரும் இரட்டை உறை வயர் வேண்டும். செம்பும் ஜி.ஐ.யும் நேராகத் தொடும் இணைப்பு சீக்கிரம் அரித்துப்போகும், கவனம்.

வேலியின் கடைசி முனையில் 4,000 வோல்ட் இருந்தால் நிம்மதி. 3,000-க்குக் கீழே போனால் நான் வேலியைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிடுவேன். குதிரைக்குப் போர்வை போட்டிருந்தாலோ, ரோமம் அடர்ந்திருந்தாலோ அதற்குக் கீழே உறைக்காது. கசிவு இருக்குமிடத்தில் டிக் டிக் என்று கேட்கும். இருட்டில் பொறியும் தெரியும்.

மின் இணைப்பில் ஓடும் பெட்டிக்கு மின்தடைதான் பலவீனம். பழகிய குதிரை சில மணி நேரம் வேலியை மதிக்கும். எங்கள் மட்டக்குதிரை ஒன்று பெட்டியின் சத்தம் நின்றதை உடனே கண்டுபிடித்துவிடுகிறது என்று சத்தியம் செய்வேன். அதனால் சாலையை ஒட்டிய பக்கத்துக்கு மின்வேலியை மட்டும் நம்பவில்லை; மரவேலி போட்டு அதன் உள்பக்கம் ஒரு மின்வரிசை ஓடுகிறது. உள்ளே பிரிக்கும் வேலிகள் முழுக்க மின்சாரம்தான். மின்தடை நீளும் இடம் என்றால் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் மாடலாக வாங்கிவிடுங்கள்.

இடி வரும்போது பிளக்கைப் பிடுங்குவதோடு வேலி வயரையும் பெட்டியிலிருந்து கழற்றிவிடுகிறேன். மின்னல் வேலிப் பக்கமிருந்தும் வரலாம். இதுவரை தேய்ந்து மாற்ற வேண்டியிருந்தவை வாசல் கைப்பிடிகளும், வெயிலில் வெடித்த இன்சுலேட்டர்களும், ஒரு பக்கத்து டேப்பும். பெட்டி பழையதேதான்.