உள்ளளவும் வெயிலும்: ஸ்வீட் ஹோம் 3டியோடு வீடு கட்டிய அனுபவம்

தஞ்சாவூரில் வீடு கட்டத் தயாராகும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "நீங்க கட்டுறப்போ ஏதோ சாஃப்ட்வேர்ல வரைஞ்சு வரைஞ்சு பார்த்தீங்களே, அதை நம்பி இறங்கலாமா?" போனில் பாதி சொன்னேன். மீதியை எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது. அவரைப் போல இன்னும் பலர் இதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நான் பயன்படுத்துவது ஸ்வீட் ஹோம் 3டி. இலவசம், திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். ஒரு பக்கம் பொருள்களின் பட்டியல், மேலே வரைபடம், கீழே அதே வீடு 3டியில். எப்படி நிறுவுவது, எந்தப் பொத்தான் எங்கே என்பதற்கெல்லாம் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதற்குள் நான் போகவில்லை. திருச்சியில் எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பு தொடங்கி, குடிவந்த பிறகு இப்போது மாடியில் ஓர் அறை போடலாமா என்று யோசிக்கும் வரை கூடவே இருக்கும் மென்பொருள் இது. அந்த உறவில் எனக்கு ஒரு பெரிய எரிச்சலும் ஒரு பெரிய மகிழ்ச்சியும் உண்டு.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் சுவரை வரையும்போது நாம் இழுக்கும் கோடு சுவரின் நடுக்கோடு. சுவரின் தடிமன் அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பரவும். கேட்க இது சின்ன விஷயம். ஆனால் நம் ஊரில் "பத்துக்குப் பன்னிரண்டு ரூம்" என்றால் உள்ளளவு. பொறியாளரின் பிளானிலும் அறைக்குள் எழுதியிருப்பது உள்ளளவுதான். அந்த 10 அடியை அப்படியே இங்கே கொடுத்து, இரண்டு பக்கமும் 9 அங்குலச் சுவர் வைத்தால், உள்ளே மிஞ்சுவது 9 அடி 3 அங்குலம்.

அந்த 9 அங்குலம் எங்கே உறுத்தும் என்றால், கட்டிலும் பீரோவும் எதிரெதிரே வரும் இடத்தில். எங்கள் படுக்கையறையில் கட்டில் நீளம் ஆறரை அடி, எதிர்ச் சுவரில் 20 அங்குல ஆழமுள்ள இரும்பு பீரோ. இரண்டும் சேர்ந்து 8 அடி 2 அங்குலம். பத்தடி அறையில், பூச்சு வேலைக்கு இரண்டு பக்கமும் அரை அங்குலம் போனாலும் நடுவில் 1 அடி 9 அங்குலம் கிடைக்கும். மூன்றடி பீரோவின் ஒரு கதவு ஒன்றரை அடி, தாராளமாகத் திறக்கும். திரையிலோ 1 அடி 1 அங்குலம்தான் காட்டுகிறது, கதவு கட்டிலில் இடிக்கும். பொறியாளரின் தாளில் இடம் இருக்கிறது, என் திரையில் இல்லை. எது சரி என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு மாலைப் பொழுது முழுக்கப் போய்விட்டது. "பிளானை மாத்தணுமா?" என்று வீட்டில் கவலையே வந்துவிட்டது.

இதற்கு வழி உண்டு. சுவரை இழுத்துக்கொண்டிருக்கும்போதே என்டர் தட்டினால் நீளத்தை எண்ணாகக் கொடுக்கலாம். அங்கே உள்ளளவோடு, இரண்டு பக்கச் சுவர்களின் தடிமனில் பாதியைத் தனித்தனியாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டும் 9 அங்குலச் சுவர் என்றால் 9 அங்குலம் கூட்டினால் சரி. ஒரு பக்கம் 9, மறுபக்கம் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால் ஆறேமுக்கால் அங்குலம். ஒவ்வொரு அறைக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்தக் கணக்கு. பிறகு மனம் மாறி ஒரு தடுப்புச் சுவரை 9 அங்குலமாக மாற்றினால், அது இரண்டு அறைகளையும் தின்னும், இரண்டையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். இத்தனை வசதி தெரிந்து செய்தவர்கள், சுவரின் உட்பக்க விளிம்பைப் பிடித்து வரைய ஒரு தேர்வு வைத்திருக்கக் கூடாதா? எத்தனை முறை திறந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் ஆறுவதில்லை.

வரைந்தது சரியா என்று பார்க்க ஓர் எளிய சோதனை. அறை வரையும் கருவியை எடுத்து, நான்கு சுவர்களுக்கு நடுவே இரட்டைச் சொடுக்குப் போட்டால் தரை தானாக நிரம்பி உட்பரப்பைக் காட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி காட்டினால் சரி. 104 காட்டினால் நடுக்கோட்டில் மாட்டிக்கொண்டீர்கள் என்று பொருள். ஒவ்வொரு அறையை முடித்ததும் இதைப் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள்.

அதைவிட நல்ல வழி, பொறியாளரின் பிளானைப் படமாகப் பின்னணியில் போட்டு, அதன் மேல் சுவர்களை ஒற்றியெடுப்பது. படத்தை உள்ளே கொண்டுவரும்போது, தெரிந்த நீளம் ஒன்றின் இரண்டு முனைகளையும் காட்டி அளவைச் சொல்லச் சொல்லும். அப்போது மூன்றடிக் கதவைக் காட்டாதீர்கள், வீட்டின் மிக நீளமான வெளிச்சுவரைக் காட்டுங்கள். மூன்றடியில் ஓர் அங்குலம் பிசகினால் முப்பதடியில் பத்து அங்குலம் பிசகும். செல்போனில் எடுத்த படம் ஓரங்களில் கோணலாக இருக்கும், பொறியாளரிடமே கோப்பாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம், எதையும் வரையும் முன்பு அமைப்புகளுக்குள் போய் புதிய சுவரின் தடிமனையும் உயரத்தையும் மாற்றிவிடுங்கள். அது தரும் ஏழரை சென்டிமீட்டர் தடிமனும் இரண்டரை மீட்டர் உயரமும் நம் செங்கல் சுவருக்கும் பத்தடி உயரத்துக்கும் ஒத்துவராது.

சரி, இனி மகிழ்ச்சி. வரைபடத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு திசைகாட்டி இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துத் தொடுவதே இல்லை. அதைத் திறந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, வடக்கு எந்தப் பக்கம் என்று மூன்றையும் கொடுக்கலாம். திருச்சிக்கு 10.8, 78.7. பிறகு புகைப்படம் உருவாக்கும் இடத்தில் தேதியும் நேரமும் கொடுத்து, தரத்தை மேலே தள்ளிவிட்டால், அந்த நாளில், அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் வெயில் எங்கே விழும் என்று படமாகத் தருகிறது. பழைய மடிக்கணினி என்றால் படம் வரும்வரை பொறுமை வேண்டும். பொறுக்கலாம், அவ்வளவு மதிப்புள்ள படம் அது.

எங்கள் பிளானில் பெரிய படுக்கையறை கன்னி மூலையில், தென்மேற்கில். வாஸ்து பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் அங்கேதான் வரும். மேற்குச் சுவரில் நாலடி உயரத்துக்கு ஜன்னல், அதன் மேல் 2 அடி சன்ஷேடு. ஏப்ரல் நடுவில் மாலை 4 மணி என்று கொடுத்து ஒரு படம் எடுத்தேன். கட்டில் முழுக்க வெயில். காரணத்தைக் கணக்கில் பார்த்தால் புரியும். அந்த நேரத்தில் திருச்சியில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 35 பாகை உயரத்தில்தான் இருக்கும். அந்தச் சாய்வுக்கு 2 அடி சன்ஷேடு ஜன்னலின் மேற்பக்கம் ஒன்றேகால் அடிக்குச் சற்றுக் கூடுதலாக மறைக்கும். 5 மணிக்கு முக்கால் அடிகூட மறைக்காது. மேற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு மழைக்கு மட்டும்தான் உதவும், வெயிலுக்கு இல்லை. இந்த உண்மையை அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதே ஜன்னலைத் தெற்குச் சுவருக்கு நகர்த்தி டிசம்பர் நண்பகலுக்குப் பார்த்தேன். வருடத்திலேயே தெற்கு வெயில் அதிகமாக விழும் நேரம் அதுதான். அப்போதும் சூரியன் 56 பாகை உயரத்தில் இருப்பதால் அதே 2 அடி சன்ஷேடு கிட்டத்தட்ட மூன்றடியை மறைத்துவிடுகிறது. மேற்குச் சுவரில் அலமாரியும் மேலே ஒரு சின்ன வென்டிலேட்டரும் மட்டும் வைத்து, ஜன்னலைத் தெற்கே கொண்டுபோனோம். இன்று ஏப்ரல், மே மாலைகளில் அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

இன்னொன்றும் இதில்தான் கற்றேன். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று படித்திருப்போம். டெல்லிக்கு அது பெரிய அளவில் உண்மை, அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்குச் சாய்வில்தான் இருக்கும். திருச்சி இருக்கும் அட்சரேகையில், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. வடக்குச் சன்ஷேடை வெட்டிச் சிக்கனம் பிடிக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, ஜூன் மாதப் படத்தைக் காட்டி அதைத் தடுக்க முடிந்தது. சன்ஷேடும் லாஃப்டும் இல்லாத ஊர்களுக்கான கட்டுரைகளைப் படித்துவிட்டு நம் வீட்டை முடிவு செய்யக் கூடாது. நம் அட்சரேகையைக் கொடுத்து, நம் மாதத்தைக் கொடுத்துப் பார்க்க ஓர் இலவசக் கருவி கையில் இருப்பது பெரிய விஷயம்.

ஆனால் அந்தச் சன்ஷேடை நீங்களேதான் செய்ய வேண்டும். கூடவே வரும் பட்டியலில் சோபா உண்டு, குளியல் தொட்டி உண்டு, பியானோகூட உண்டு. நம் சன்ஷேடு, லாஃப்டு, சமையல் மேடை, இரும்பு பீரோ, ஊஞ்சல் எல்லாம் அப்படியே கிடைக்காது. ஆரம்பத்தில் இணையத்தில் 3டி மாதிரிகளைத் தேடி அலைந்தேன். அலைய வேண்டியதே இல்லை. இதர பொருள்கள் பகுதியில் வெறும் பெட்டி ஒன்று இருக்கிறது. அகலம், ஆழம், உயரம், தரையிலிருந்து எவ்வளவு மேலே என்ற நான்கையும் எண்ணாகக் கொடுக்கலாம். 3 அடிக்கு 20 அங்குலத்துக்கு ஆறரை அடி உயரப் பெட்டிதான் பீரோ. ஏழடி உயரத்தில் மிதக்கும் 3 அங்குலப் பெட்டிதான் லாஃப்டு. ஜன்னல் தலைக்கு மேலே வெளியே 2 அடி நீட்டிய பெட்டிதான் சன்ஷேடு. தூண்களையும் பீம்களையும் இதே போல வைத்துவிடுங்கள். பத்தடி உயரம் என்று நினைத்த இடத்தில் பீம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் இடம் இருக்கிறதா, இல்லையா என்ற கேள்விக்கு அழகு தேவையில்லை.

அம்மாவுக்காகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் நடந்து பார்க்கும் வசதியில், நடப்பவரின் கண் உயரத்தை மாற்றலாம். அம்மா குள்ளம். கண் உயரத்தை நாலரை அடிக்கு இறக்கி அடுப்படியில் நிறுத்திப் பார்த்தபோது, மேல் தட்டின் உள்பக்கம் அவர் கண்ணுக்கே தெரியாது என்பது புரிந்தது. தட்டை இறக்கினோம். இப்போது பருப்பு டப்பாவுக்கு ஸ்டூல் போட்டு ஏறுவதில்லை.

மாடிப்படி விஷயத்தில் மட்டும் இதை நம்பவே நம்பாதீர்கள். கூட வரும் படிக்கட்டு மாதிரியின் உயரத்தை நீட்டினால் படிகளின் எண்ணிக்கை கூடாது, ஒவ்வொரு படியின் உயரம்தான் இழுபடும். தளத்திலிருந்து தளத்துக்குப் பத்தரை அடி என்றால் 126 அங்குலம். 7 அங்குலப் படியாக 18 ஏற்றம் வேண்டும். 14 ஏற்றம் உள்ள மாதிரியை அந்த உயரத்துக்கு இழுத்தால் ஒவ்வொன்றும் 9 அங்குலம் ஆகிவிடும், வயதானவர்கள் ஏற முடியாது. திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, எச்சரிக்கையும் வராது. படிக்கட்டுக்கு எத்தனை அடி இடம் வேண்டும் என்பதைப் பொறியாளரின் தாளிலிருந்து எடுத்து, அந்த இடத்தைக் காலியாக ஒதுக்கி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனுமதிக்கான பிளானும் கம்பிக் கணக்கும் எப்படியும் அவருடைய வேலைதான்.

கட்டுமானம் நடந்தபோது மேஸ்திரியிடம் வரைபடத்தை அச்செடுத்துக் கொடுத்துப் பயனில்லை, அவர் பொறியாளரின் தாளைத்தான் பார்ப்பார், அதுதான் முறை. ஆனால் லாஃப்டு எந்தச் சுவரில் தொடங்கி எங்கே முடிகிறது என்று வாயால் சொல்லி விளங்காமல், செல்போனில் 3டி படத்தைக் காட்டியதும், "இத மொதல்லயே காட்டியிருக்கலாமே சார்" என்றார். அதன் பிறகு சுவிட்ச் போர்டு வரை எல்லாவற்றுக்கும் படம் கேட்டார்.

தீர்ப்பு என்று கேட்டால், ஐந்துக்கு மூன்று. மேலே சொன்ன வெயில் படம் ஒன்றுக்கே நான்கு தர வேண்டும் என்பது எனக்கும் தெரிகிறது. காசு வாங்காமல் இவ்வளவு தருகிறது, என் வீட்டில் ஒரு ஜன்னலின் இடத்தையே மாற்றியிருக்கிறது. ஆனால் நேற்று இரவு மாடி அறைக்காக மறுபடி திறந்து, ஆறேமுக்கால், ஒன்பது என்று சுவர்களின் பாதிகளைக் கூட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் அதே கணக்கு. இன்றைக்கு மூன்றுதான்.

தஞ்சாவூர் நண்பருக்கு: நிறுவியதும் முதலில் திசைகாட்டியைத் திறந்து உங்கள் ஊரின் எண்களைக் கொடுங்கள். சுவர் வரையும் முன்பு பொறியாளரிடம் பிளான் கோப்பைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மேற்கு ஜன்னலின் ஏப்ரல் மாதப் படத்தைப் பார்க்காமல் லின்டல் (ஜன்னல் தலைக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) போட விடாதீர்கள்.