மினிமல் டெபியனில் மூன்று வருடம்

2021 கடைசியில் என்னுடைய 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். எந்த டெஸ்க்டாப் (மெனு, பட்டை, ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்த திரைச்சூழல்) வேண்டும் என்று நிறுவி கேட்கும் இடத்தில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டேன். ரீபூட் ஆனதும் கறுப்புத் திரையில் லாகின் கேட்கும் ஒரே ஒரு வரி. அதன் மேல் ஜன்னல்களை அடுக்கிக் காட்ட மட்டும் ஐ3 விண்டோ மேனேஜர், ஃபயர்ஃபாக்ஸ், ஒரு டெர்மினல் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான்.

வேகத்தில் குறையே இல்லை. அதே லேப்டாப்பில் க்னோம் என்ற முழு டெஸ்க்டாப் சும்மா நின்றாலே 1 ஜிபிக்கு மேல் ராம் பிடிக்கும். இதில் 300 எம்பியைத் தாண்டவில்லை.

ஆனால் டெஸ்க்டாப் சத்தமில்லாமல் எத்தனை வேலை பார்க்கிறது என்பது அது இல்லாதபோதுதான் புரிந்தது. முதல் நாளே வைஃபை இல்லை. டெபியன் 11-இன் வழக்கமான நிறுவியில் கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர் (வைஃபை போன்ற வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) வராது (2023-இல் வந்த 12-இல் சேர்த்துவிட்டார்கள்). போனை யுஎஸ்பியில் செருகி, அதன் இணையத்தில் ஃபர்ம்வேரை இறக்கினேன். அப்புறம் பிரௌசரைத் திறந்தால் தமிழ்ச் செய்தி முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது. லோகித் தமிழ் எழுத்துருவைப் போட்டதும் படிக்க முடிந்தது. தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதற்கான விசை அமைப்புகளைத் தரும் எம்17என் இரண்டையும் நிறுவி, லாகின் ஆகும்போதே ஐபஸ் ஓடும்படி நானே எழுதி வைத்தேன். இதெல்லாம் ஒருமுறை செய்தால் போதும், கற்றுக்கொண்டதும் நிறைய. அந்த உழைப்பைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

என்னை மாற வைத்தது ஒரு பயிற்சி வகுப்பு. ப்ரொஜெக்டர் கேபிளைச் செருகினேன், திரையில் ஒன்றும் வரவில்லை. எதிரே இருபது பேர் காத்திருக்க, திரைகளை அமைக்கும் எக்ஸ்ரேண்டர் கட்டளையை அடித்து, வெளியீட்டின் பெயரைத் தேடி, திரும்ப அடித்துத்தான் படம் வந்தது. நல்ல ஐந்து நிமிடம் போய்விட்டது.

டெபியன் 12 வந்தபோதும் அடித்தளத்தை மினிமலாகவே வைத்துக்கொண்டேன். அதன் மேல் எக்ஸ்எஃப்சிஇ 4 என்ற இலகுவான டெஸ்க்டாப்பின் தொகுப்பை மட்டும், பரிந்துரைத் தொகுப்புகள் கூடவே இறங்காதபடி ஆப்ட்டிடம் (டெபியனில் மென்பொருளை நிறுவும் கருவி) சொல்லி நிறுவினேன். பென்டிரைவ் செருகியதும் அதன் கோப்பு மேலாளரான துனாரின் பக்கப்பட்டையில் தெரிய வேண்டுமே, அதற்காக ஜிவிஎஃப்எஸ் என்ற தொகுப்பைத் தனியாகப் போட்டேன். ராம் 450 எம்பி பக்கம் நிற்கிறது. 4 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். 16 ஜிபி இருந்தால் க்னோமையே முழுசாகப் போடுங்கள், மிச்சப்படுத்தும் அந்தச் சில நூறு எம்பியால் ஒரு பயனும் இல்லை.

போன மாதம் அதே வகுப்பறைக்குப் போனேன். கேபிளைச் செருகியதும், இரண்டு திரையிலும் ஒரே படமா, நீட்டிக்கவா என்று ஒரு பெட்டி வந்து கேட்டது.