தொலைந்த கார் சாவி: புதுச் சாவியா, பட்டன் ஸ்டார்ட்டா?

பழைய காரின் சாவி தொலைந்து, மாற்றுச் சாவியும் கைவசம் இல்லையென்றால், செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் இரண்டு யோசனைகள் உடனே காதில் விழும். சாவிக்காரரை அழைத்துப் புதுச் சாவி செய்துகொள்ளலாம். அல்லது, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டு, இக்னிஷன் ஒயர்களைப் பிரித்து, டாஷ்போர்டில் ஒரு பட்டனைப் பொருத்திக்கொள்ளலாம். கார்புரேட்டர் காலத்து மாருதி 800 ஒன்றை இன்றும் ஓட்டிவரும் எனக்கு இந்தத் தேர்வு வந்தபோது, "அண்ணாச்சி, பட்டன் போட்டுத் தந்துருதேன், இனி சாவிய தேடவே வேண்டாம்" என்று தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் அன்போடுதான் சொன்னார். ஆனாலும் நான் புதுச் சாவியின் பக்கமே நின்றேன். இன்றும் அதே பக்கம்தான்.

செலவைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. சாவித் தலைக்குள் மின்னணுச் சிப் இல்லாத பழைய வண்டிக்கு இரண்டு வழிகளுமே கையைக் கடிக்காது. இரண்டுமே பெரும்பாலும் ஒரு பொழுதில் முடிந்துவிடும் வேலைகள்.

சாவி செய்யும் முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அதன்மேல் தனி மரியாதை வந்துவிடும். புதுக் கார் வாங்கும்போது சாவியோடு சேர்த்துக் கொடுத்த எண் பத்திரமாக இருந்தால், அந்த எண்ணைக் கொண்டே வெட்டிவிடலாம். இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்த வண்டிகளில் அந்த எண் கிடைப்பது அரிது. அப்போது சாவிக்காரர் வெட்டாத சாவி ஒன்றைப் பூட்டுக்குள் விட்டு, சற்று அழுத்தித் திருப்பி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். உள்ளே இருக்கும் தகடுகள் உரசிய இடங்களில் ஊசிமுனை அளவுக்குப் பளபளப்பு தெரியும். அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ஓரிரு இழுப்பு, மறுபடி பூட்டுக்குள், மறுபடி வெளிச்சத்துக்கு. பளபளப்பு எந்த இடத்தில் விழாமல் நின்றுவிடுகிறதோ, அந்த இடத்துக்கு ஆழம் சரியாகிவிட்டது என்று பொருள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. இக்னிஷன் பூட்டும் ஓட்டுநர் பக்கக் கதவின் பூட்டும் பல்லாண்டுப் பயன்பாட்டில் தேய்ந்திருக்கும். இடப்பக்கக் கதவுக்குத் தனிப் பூட்டு உள்ள வண்டிகளில் அது அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. ஆகவே, அதைக் கழற்றித் தகடுகளை நேரில் பார்த்து வெட்டுகிற சாவி, தேய்ந்த பூட்டைப் பார்த்துச் செய்ததைவிடத் துல்லியமாக இருக்கும்.

பட்டன் வைப்பதில் நடப்பது வேறு. இக்னிஷன் ஸ்விட்சுக்கு வரும் பேட்டரி ஒயர், ரேடியோ போன்றவற்றுக்குப் போகும் ஒயர், இக்னிஷனுக்குரிய ஒயர், ஸ்டார்ட்டருக்குரிய ஒயர் ஆகியவற்றை வெட்டி, ஒரு சாதாரண ஸ்விட்ச், ஒரு பட்டன் வழியாக இணைத்துவிடுகிறார்கள். வண்டி உறுமிக் கிளம்பிவிடும். ஆனால் ஸ்டியரிங் திரும்பாது. சாவியை உருவியதும் ஸ்டியரிங் தண்டுக்குள் ஒரு ஆணி இறங்கிப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருப்பதால், அந்தப் பூட்டையும் உடைத்தாக வேண்டும். அதன் போல்ட்டுகளின் தலை, பொருத்தும்போதே முறிந்துவிடும்படி செய்யப்பட்டிருப்பதால், ஸ்பேனருக்கு எந்தப் பிடிமானமும் கிடைக்காது. உளியால் தட்டியோ துளையிட்டோதான் எடுக்க வேண்டும். பொறுமையில்லாதவர் ஆணியைப் பாதி உடைத்து உள்ளேயே விட்டுவிட்டால், ஓட்டத்தின்போது அது தண்டில் சிக்கக்கூடும். செங்கோட்டையை அடுத்த மலைச்சாலையின் புளியரை எஸ் வளைவில் அப்படி ஒன்று நேர்ந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனினும், என் முடிவைத் தீர்மானித்தது அதற்குப் பிந்தைய பராமரிப்புதான். கம்பெனி ஒயரிங்கில் ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு நிறமும், பொருத்தப்பட வேண்டிய இடமும் உண்டு. ஆரியங்காவு தாண்டித் தென்மலைக்கும் புனலூருக்கும் இடையில் இரவில் வண்டி நின்றுவிட்டால், முன்பின் தெரியாத மெக்கானிக்கும் அந்த நிறங்களை வைத்துப் பழுதைத் தேடிப் பிடித்துவிடுவார். பட்டன் வைத்த வண்டியிலோ, கையில் கிடைத்த நிற ஒயரால் ஒட்டுப் போட்டிருப்பதால், அது எங்கே போகிறது என்பது ஒட்டியவருக்கு மட்டுமே தெரியும். அவரும் ஓராண்டு கழித்து மறந்திருப்பார். இதற்கு நம் ஊர்ச் சாரலும் துணை சேர்ந்துகொள்கிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை காற்றிலேயே ஈரம் நிற்கும் இந்தப் பகுதியில், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளில் பசை நெகிழ்ந்து, செம்பின்மேல் பச்சை பூத்துவிடும். பச்சை பூத்த இணைப்பில் மின்தடை கூடும். தடை கூடிய இடத்தில் ஓட்டம் பாயும்போதெல்லாம் சூடேறும். அந்தச் சூட்டில் ஒயரின் உறை இளகி, பக்கத்து ஒயரைத் தொடும் நிலை வந்தால், ஃபியூஸ் இல்லாத பாதையில் அது தீயில் போய் முடியலாம். உறவினர் ஒருவரின் பழைய வேனில் இப்படிக் கருகிப்போன இணைப்பைக் கையில் எடுத்தே பார்த்திருக்கிறேன். டேப் மொறமொறவென்று உதிர்ந்தது. உள்ளே கம்பிகள் கறுத்துப் பொடிந்திருந்தன.

ஒயரிங்கைத் தொடவே கூடாது என்பது என் வாதமன்று. ஸ்விட்சின் பின்புற இணைப்புகளே உருகிப்போயிருந்தால் புது ஒயர் போடத்தான் வேண்டும். அப்போதும் பழைய பருமனுக்குக் குறையாத ஒயரை எடுத்து, இணைப்புகளை ஈயப்பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் உறையை ஏற்றி, ஸ்டார்ட்டருக்கு, சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ரிலேயும் பாதைக்குத் தக்க ஃபியூஸும் வைத்து, சாவிப் பூட்டை அதன் இடத்திலேயே விட்டுவைக்குமாறு கேட்டு வாங்க வேண்டும். தொலைந்த சாவி தெரிந்தவர் எவர் கையிலாவது சிக்கியிருக்கும் என்ற ஐயம் இருந்தால், பூட்டுகளும் சாவியும் சேர்ந்த லாக் செட்டையே மாற்றிவிடுவது நல்லது.

சிப் பதித்த சாவியுள்ள வண்டிகளில் இந்த விவாதத்துக்கே பெரிய இடமில்லை. பூட்டைச் சுற்றியுள்ள வளையச் சுருள், சாவித் தலைக்குள் இருக்கும் சிப்பின் எண்ணைப் படித்துச் சரிபார்க்காத வரை, ஸ்டார்ட்டர் சுற்றினாலும் என்ஜின் ஓடாது. ஆகவே ஒயரைப் பிரித்து ஒரு பயனும் இல்லை. சித்தப்பா மகனின் வண்டிக்கு இந்த வேலை நடந்தபோது உடன் இருந்தேன். எனக்கு நேரடி அனுபவம் அவ்வளவுதான். கருவியை இணைத்துப் புதுச் சாவியைப் பதிவு செய்ய, பழைய வண்டியின் சாவியைப்போல் பலமடங்கு செலவானது. ஒரு சிப்பை ஸ்டியரிங் மூடிக்குள்ளேயே ஒட்டிவிட்டு, சிப் இல்லாத சாவியால் ஓட்டும் குறுக்கு வழியையும் சிலர் சொல்கிறார்கள். அது திருட்டைத் தடுக்கும் ஏற்பாட்டை நாமே செல்லாததாக்குவது.

விற்பனையிலும் காப்பீட்டிலும் சாவியே வெல்கிறது. முழுக் காப்பீடு உள்ள வண்டி திருடுபோனால், இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனங்கள் சாவிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஆதலால் சாவி தொலைந்ததும் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து ரசீது வாங்கி வைப்பது அவசியம். வண்டியைக் கேரளத்துக்கு விற்பதானால் தடையில்லாச் சான்று, மறுபதிவு என்று அலைச்சல் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டியரிங்குக்கு அடியில் தொங்கும் டேப் சுற்றிய ஒயர்களைப் பார்த்த மாத்திரத்தில், வாங்க வருபவர் விலையைக் குறைப்பார்.

புதுச் சாவி கைக்கு வந்ததும் சாவிக்காரரை உடனே அனுப்பிவிட வேண்டாம். கதவுகள், டிக்கி, பெட்ரோல் டேங்க் மூடி ஆகிய எல்லாப் பூட்டுகளிலும் போட்டுப் பார்த்து, எங்கும் இறுகாமல் திரும்புகிறது என்று உறுதியான பிறகு, அதை வைத்தே இரண்டாவது சாவியையும் அங்கேயே வெட்டி வாங்கி, வீட்டில் வைத்துவிடுங்கள்.